நாற்பத்தெட்டுப் பேனலும் ஒரு தேன்கூடும்

பெட்டிக்குள் இருப்பது தேனீ என்று நான் நம்பினேன். மனசுக்குள் நம்பிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. கம்பெனியின் வேலைக் குறிப்பில் நீல மையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு நம்பினேன். "சோலார் பம்பு, கம்பத்துப் பெட்டி. உள்ளே தேன்கூடு. புகை போட்டுக் கலைக்க வேண்டும். ஒரு ஆள், ஒரு நாள்." அந்த ஒரு ஆளும் நானேதான்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒயரைப் பிடித்துப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. என் பெயருக்கு முன்னால் "பாதுகாப்புச் சோதனை" என்று வேறு போட்டிருந்தார்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மத்தூரில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தேடி, போன மாதம் எங்கள் பழைய பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இப்போது சோலார் பெட்டிக்குள் ஒரு கருவி வைக்கிறார்களாம். ஒயரில் எங்காவது தீப்பொறி தொடர்ந்து எரிந்தால் அதுவே கண்டுபிடித்துத் துண்டித்துவிடுமாம். "இது இல்லாம அந்தக் காலத்துல எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்கள். "மூக்கால" என்றேன். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று சிரித்தார்கள். அதை நேராக எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இது.

படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. முடித்தேன், ஓசூர் தொழிற்பேட்டையில் சுவிட்ச் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே சூப்பர்வைசர் கன்னடத்தில் திட்டுவார், ஸ்டோர்காரர் தெலுங்கில் "இல்லை" என்பார், நாங்கள் தமிழில் முனகுவோம். டிராயிங் மட்டும் இங்கிலீஷில் இருக்கும், அதனால் அதை யாரும் பார்க்கமாட்டோம். கரண்டு ஓடும்போதே பீங்கான் ஃபியூஸை வெறும் கையால் உருவுவதுதான் எங்களுக்கு வீரம். "டிக்" என்று ஒரு பொறி வரும், அணைந்துவிடும். அப்படி உருவாதவனுக்கு கேன்டீனில் மரியாதை கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் கம்பெனி சோலார் பம்பு போடும் வேலையை எடுத்தது. அதற்கென்று வந்தவர் தேவசகாயம் சார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். எந்த ஒயர் பக்கம் போனாலும் இடது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். முதல் வாரம் நாங்கள் அது ஏதோ ஸ்டைல் என்று நினைத்து, நாங்களும் விட்டுக்கொண்டோம். அப்புறம்தான் சொன்னார். இரண்டு கையும் வெளியே இருந்தால் ஒரு கையில் ஏறும் கரண்டு நெஞ்சைத் தாண்டித்தான் மறு கைக்குப் போகுமாம். ஒரு கை உள்ளே இருந்தால் அந்தப் பாதை இல்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. என்ன சொன்னாலும் ஒரே கேள்வி.

"சார், லைன் ஆஃப் பண்ணியாச்சு."

"யாருடே பாத்தா?"

"சார், மூர்த்தி சொன்னான்."

"மூர்த்தி சொன்னான், சரி. பாத்தது யாரு?"

அவர் தயாரித்த சோதனைத் தாளிலும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கடைசிக் கட்டத்தின் தலைப்பு "பார்த்தவர்" என்றுதான் இருக்கும்.

நான் அவரிடம் முதல் நாளே வாயைக் கொடுத்தேன். "வெயில்ல வர்ற கரண்டுதானே சார், டார்ச் லைட்டு மாதிரி, இது எங்க கடிக்கப் போவுது" என்றேன். அவர் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். உச்சி வெயில். பன்னிரண்டு பேனலை வரிசையாக இணைத்து, கரண்டு இழுக்க ஒரு பழைய ஹீட்டரைக் கொடுத்து, நடுவில் சாதாரண வீட்டு சுவிட்ச் ஒன்றை மூடி கழற்றி வைத்திருந்தார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார். பிறகு ஒரு நீளக் கட்டையால் சுவிட்சை அணைத்தார்.

அணையவில்லை. சுவிட்சின் இரண்டு பித்தளை நாக்குகளுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை நெருப்பு நின்றது. "உஸ்ஸ்" என்று சத்தம் வேறு. சுவிட்ச் உருகிக் கீழே சொட்டும்வரை அது அங்கேயே நின்றது.

"வீட்டுக் கரண்டு ஒரு செகண்டுல நூறு தடவ மூச்சு விடும். அந்த நேரத்துல பொறி அணைஞ்சிரும். அதனாலதான் நீங்க எல்லாரும் இன்னும் விரலோட இருக்கீங்க" என்றார். "இது மூச்சு விடாது, கேட்டியா? புடிச்சா புடிச்சதுதான். இன்னொண்ணு. சூரியனுக்கு சுவிட்ச் கெடையாது. பகல்ல பேனல் எப்பவும் உசிரோடதான் இருக்கும். அதச் சாவடிக்கணும்னா மேல கனமாத் துணியப் போட்டு மூடணும். தார்ப்பாய் இல்லாம எவனும் சோலார் வேலைக்குப் போவப்பிடாது."

எல்லாம் புரிந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இதை இங்கே குறிப்பிடக் காரணம், பின்னால் நான் செய்ததற்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது என்பதுதான்.

நாட்றாம்பாளையத்துக்கும் அப்பால், காட்டை ஒட்டி ஒரு சிற்றூர். கன்னடம் பேசுகிறவர்கள், தமிழும் பேசுவார்கள். கரண்டு லைன் அங்கே போகவில்லை. குடிதண்ணீருக்கு நாற்பத்தெட்டுப் பேனல், ஒரு மோட்டார், மேட்டில் ஒரு தொட்டி என்று ஐப்பசி மாதம் போட்டுக் கொடுத்தோம். எல்லாப் பேனலின் ஒயரும் வந்து சேருகிற பெட்டியை ஒரு கம்பத்தின் உச்சியில் வைத்தோம். யானையின் கைக்கு எட்டாத உயரம் என்று கம்பெனி கணக்கு. யானையின் கை எவ்வளவு நீளம் என்று கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை.

பெட்டிக்குள் ஒயர் நுழையும் ஓட்டையை அடைக்கக் கொண்டுபோன புட்டிப் பசை தீர்ந்துபோயிற்று. பம்பைப் பார்த்துக்கொள்ள ஊரார் நியமித்திருந்த கெம்பம்மா வீட்டிலிருந்து ஒரு உருண்டை தேன்மெழுகு கொண்டுவந்து கொடுத்தாள். பிசைந்து ஓட்டையில் அப்பினேன். அருமையாக உட்கார்ந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குள் கீழே களியும் கோழிக்குழம்பும் ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள். சார் அன்று வரவில்லை. சோதனைத் தாளை நான்தான் நிரப்பினேன்.

பங்குனியில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து ரீங்காரம் கேட்கிறது. வெயில் ஏறினால் சத்தம் ஏறுகிறது, மேகம் மூடினால் அடங்குகிறது, சாயங்காலம் ஒன்றும் இல்லை. பெட்டியிலிருந்து தேன் நிறத்தில் ஏதோ வழிகிறது. தேன் வாசம் அடிக்கிறது. தேனீயும் சுற்றுகிறது.

படித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். மின்சாரத்துக்கு நான் பயப்படமாட்டேன். தேனீ வேறு விஷயம். முன்பு பேரிகை என்ற ஊரில் ஒரு கம்பத்தின் மேல் இருந்தபோது ஒரு கூட்டமே என் முகத்தில் இறங்கியது. நாலு நாள் என் முகம் பலாப்பழம். என் மனைவி சோறு போடும்போது, "வீட்டுக்காரரு வெளிய போயிருக்காரு, நீங்க யாருங்க?" என்று கேட்டு அவளே சிரித்துக்கொள்வாள்.

அப்படித்தான் அந்த நீல மைக் குறிப்பை எழுதினேன். சார் படித்தார்.

"தேனீயா? யாருடே பாத்தா?"

"ஊர்க்காரங்களே எழுதியிருக்காங்க சார்."

"அவுங்க சத்தம் கேட்டதா எழுதியிருக்காங்க. உள்ள பாத்தது யாரு?" குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். "சரி. நீ முதல் பஸ்ல போ. நான் அடுத்த பஸ்ல வாறேன். தார்ப்பாய் எடுத்துக்க. நான் வராம மூடியத் திறக்காத."

என் பையில் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி, முகத்துக்குக் கொசுவலைத் துண்டு, கையுறை, சாம்பிராணி, சுண்ணாம்பு, மஞ்சள், ஒரு வெங்காயம் எல்லாம் ஏறின. கொட்டின இடத்தில் தேய்க்க எது நல்லது என்பதில் என் தெருவில் மூன்று கட்சி இருந்தது, மூன்றையும் எடுத்துக்கொண்டேன். அப்புறம் பையில் இடமில்லை. தார்ப்பாய் மேஜைக்கடியிலேயே இருந்துவிட்டது.

தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி, அஞ்செட்டி தாண்டி, கடைசி மூன்று மைல் நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. கெம்பம்மா கம்பத்தடியில் காத்திருந்தாள். நாற்பது வயசு இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து.

"வா சார். ஜேனு புடிக்க வந்தியா?" அவர்கள் மொழியில் தேனீக்கு அதுதான் பெயர்.

கம்பத்தில் காதை வைத்தேன். "ர்ர்ர்ர்… உஸ்… ர்ர்ர்." காதை எடுத்துக்கொண்டு நாலடி பின்வாங்கினேன். அந்த நேரம் ஒரு மேகம் வந்தது. சத்தம் நின்றது.

"பாத்தீங்களாக்கா? மேகம் வந்தா மழை வரும்னு தேனீ அடங்கிடும்" என்றேன்.

"நாங்க காட்டுலயே பொறந்தவங்க. நீ ஓசூர்லர்ந்து வந்து எங்களுக்கு ஜேனு பாடம் எடுக்கற" என்றாள். பிறகு பெட்டியையே பார்த்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு சார். வெளிய மூணு நாலுதான் சுத்துது. உள்ள கேட்டா நாலாயிரம் கத்துது. அது எப்படி?"

அன்றைய தினத்தில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. நான் கொசுவலையைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மோட்டார நிறுத்திடுங்க, அடுத்த பஸ்ஸுக்கு எங்க சார் வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"நிறுத்தறதா? பன்னெண்டுலர்ந்து ரெண்டுதான் தண்ணி கொஞ்சம் நல்லா ஏறுது. அத நிறுத்தினா இன்னிக்கும் கீழ ஓடைக்குத்தான் போவணும். போன வாரம் ஓடையில யானை. கொடத்தப் போட்டுட்டு ஓடியாந்தன். கொடம் இன்னும் அங்கயே கெடக்குது, தட்டு மாதிரி. இன்னிக்கி தொட்டி ரொம்பலன்னா எம் மருமவ போவா. அவ ஏழு மாசம். ஓடுவாளா, சொல்லு?"

மோட்டார் ஓடட்டும், சார் வருவதற்குள் கலைத்துவிட்டால் தொட்டியும் நிரம்பும், நான் ஒயரையா தொடப் போகிறேன், தேன்கூட்டைத்தானே கலைக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பங்குனி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூங்கில் ஏணியில் ஏறினேன். கீழே ஒரு சட்டியில் வேப்பிலைப் புகை. நான் சாம்பிராணியையும் போட்டிருந்ததால் மொத்தத்தில் கோயில் வாசம். இடது கை பாக்கெட்டில் இல்லை. இரண்டு கையும் ஏணியை விடாமல் கட்டிப்பிடித்திருந்தன. அப்புறம் எப்படியோ ஒரு கையை விடுவித்து மூடியைத் திறந்தேன்.

உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்குக் கறுப்பாக, பளபளவென்று ஒரு கட்டி. அது முனகிக்கொண்டிருந்தது. இதுதான் கூடு என்று தீர்மானித்து, கண்ணை மூடிக்கொண்டு, காய்ந்த மூங்கில் குச்சியால் ஒரு குத்து குத்தினேன். காய்ந்த குச்சியை எடுத்தது அறிவினால் அல்ல. ஏணியடியில் அதுதான் கிடந்தது, இடுப்பில் செருகிக்கொண்டு ஏறியிருந்தேன். இல்லையென்றால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

மூடிய இமைக்குள்ளேயே வெள்ளையாக அடித்தது. கண்ணிலேயே கொட்டிவிட்டது என்று நினைத்தேன். "கொட்டிடுச்சு! கொட்டிடுச்சு!" என்று கத்திக்கொண்டு, ஏணியின் பாதிப் படிகளைப் பயன்படுத்தாமலே இறங்கினேன். கம்பளியை உதறி எறிந்தேன். தேனீ துரத்தினால் தண்ணீரில் மூழ்க வேண்டும். ஆகவே மாட்டுத் தொட்டிக்கு ஓடி, தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். அங்கே ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்த எருமை நாகரிகமாக நகர்ந்து இடம் கொடுத்தது.

தலையைத் தூக்கியபோது கெம்பம்மாவின் குரல். "சார், ஜேனு ஒண்ணும் வர்ல. பெட்டிதான் எரியுது."

திரும்பிப் பார்த்தேன். பெட்டிக்குள் அதே மொட்டை மாடி நெருப்பு, இரண்டு மடங்கு பெரிசு. நான் குத்தியதில் கழன்ற ஒயர் பக்கத்து ஒயரின் முனை மேல் சாய்ந்து, பேனலின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் எரிகிறது. அப்போதும் என் பழைய கை என்ன செய்தது தெரியுமா? ஓடிப்போய்க் கீழே இருந்த மோட்டார் சுவிட்சை அணைத்தது. மோட்டார் நின்றது. நெருப்பு நிற்கவில்லை. அது சுவிட்சுக்கு முன்னாலேயே, பேனல் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. சுவிட்ச் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. உருகிய பிளாஸ்டிக் கீழே காய்ந்த புல்லில் சொட்டியது. இருபதடி தள்ளிக் கூரை வீடுகள். அதற்கப்புறம் காடு.

ஒருவர் குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்தார். "ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க! தண்ணி வழியா கரண்டு உங்க மேலயே வரும்!" என்று நான் போட்ட சத்தம் என் குரலில் இல்லை, எருமையே திரும்பிப் பார்த்தது. அவர் நல்லவேளை நின்றார். கெம்பம்மா அந்தக் குடத்தைப் பிடுங்கிப் புல்லில் விழுந்த பொறிகள் மேல் மட்டும் ஊற்றினாள். பெட்டியை என்ன செய்வது? சூரியனுக்கு சுவிட்ச் கிடையாது. தார்ப்பாய் ஓசூரில் மேஜைக்கடியில்.

"சார், இங்க பாரு. நீ தூக்கிப் போட்ட கம்பளி இந்தப் பலகை மேல வுழுந்துச்சு இல்ல, அப்பவே நெருப்பு கொஞ்சம் கொறஞ்சிச்சு" என்றாள் கெம்பம்மா.

நோட்டில் எழுதி வைத்திருந்தவன் நான். பார்த்தவள் அவள்.

"கம்பளி! எல்லார் வூட்டுக் கம்பளியும்!" என்று கத்தினேன். கத்துவதற்கு முன்பே அவள் கன்னடத்தில் அதைக் கத்தி முடித்திருந்தாள். அந்த ஊரில் ஆடு மேய்க்காத வீடு இல்லை. கம்பளி இல்லாத வீடும் இல்லை. கறுப்புக் கம்பளி, பழுப்புக் கம்பளி, ஓட்டைக் கம்பளி, ஒரு மாப்பிள்ளைக் கம்பளி என்று வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகப் பேனல் மேல் விழ விழ நெருப்பு விரலளவானது, நகத்தளவானது. கடைசி ஓரத்தில் ஒருவர் தன் வேட்டியையே அவிழ்த்துப் போட்டுக் கோவணத்தோடு நின்றார். "டப்" என்று ஒரு சத்தம். நெருப்பு போய்விட்டது.

அப்போதுதான் மேட்டில் தேவசகாயம் சார் தெரிந்தார். தோளில் பை, கக்கத்தில் நான் விட்டுவந்த தார்ப்பாய். நாற்பத்தெட்டுப் பேனலும் கம்பளி போர்த்திப் படுத்திருந்தன. நான் தலையில் ஈரக் கொசுவலையோடு நின்றேன்.

"என்னடே, சூரியனுக்குக் காய்ச்சலா?" என்றார்.

திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தார்ப்பாயைக் கம்பளிகளின் மேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். பையிலிருந்து மீட்டரை எடுத்து முதலில் ஒரு டார்ச் செல்லில் தொட்டுப் பார்த்தார். முள் அசைந்தது. இடது கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, பெட்டியில் தொட்டுப் பார்த்தார். முள் அசையவில்லை. இறங்கி வந்து மறுபடி டார்ச் செல்லில் தொட்டார். அசைந்தது.

"உசிரோட இருக்குத மீட்டர்தான் இன்னொண்ணு செத்துதுன்னு சொல்லணும்" என்றார். "இப்பம் செத்துது. நான் பாத்தேன். வா மேல."

கறுப்புக் கட்டியைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தார். என் மூக்கிலும் நீட்டினார். தீய்ந்த பிளாஸ்டிக், நடுவில் தேன்.

"இது என்ன மெழுகு?"

"தேன்மெழுகு சார். புட்டி தீந்துபோச்சு. நான்தான்…"

"தேன்மெழுகு உருகணும்னா அறுபது டிகிரிக்கு மேல போவணும். பெட்டி அவ்வளவு கொதிச்சிருக்கு. ஏன் கொதிச்சுது? இந்த முனையில ஒயர் ஆடிக்கிட்டு இருந்திருக்கு. ஆடுத எடத்துல பொறி. அதுதான் உன் ரீங்காரம். பொறி தின்னது போக மிச்சம்தான் மோட்டாருக்கு. மெழுகு உருகின வாசத்துக்கு வந்தவுங்க அங்க இருக்காங்க." கம்பத்தைக் காட்டினார். மெழுகு வழிந்த கோட்டில் மூன்று தேனீக்கள் உட்கார்ந்திருந்தன. "மூணு பேரு. இவுங்களுக்குப் போயி வெங்காயம் கொண்டாந்திருக்க."

கருகியதை வெட்டி எறிந்து, பீங்கான் முனைகள் வைத்து, ஒவ்வொரு திருகையும் இறுக்கி, ஒவ்வொரு ஒயரையும் கையால் இழுத்துப் பார்த்தார். என்னையும் இழுக்கச் சொன்னார். மணி மூன்றுக்குக் கம்பளிகள் ஒவ்வொன்றாக விலகின. மோட்டார் ஓடியது. பெட்டியில் சத்தமே இல்லை. தொட்டிக்குழாயில் தண்ணீர் கையளவு தடியாக விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கெம்பம்மா மருமகளிடம் திரும்பினாள். "இன்னிக்கி நீ போவ வேணாம்" என்றாள். அவ்வளவுதான். எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து, "கொட்டின எடம் வலிக்குதா சார்?" என்று கேட்டாள்.

திரும்பி நடக்கும் வழியில் ஒரு புளிய மரத்தடியில் சார் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஐப்பசி மாதத்துச் சோதனைத் தாள். தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஏழாவது வரியில் விரலை வைத்தார். "பெட்டி முனைத் திருகுகள் இறுக்கம்." எதிரே ஒரு டிக். கடைசிக் கட்டத்தில் ஒரு கையெழுத்து.

"யாருடே பாத்தா?"

"நான் சார்" என்றேன்.

அவர் தாளை மடிக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். அன்று மெழுகை அப்பிவிட்டுத் திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்று திருகு இறுக்கியிருந்தேன். நான்காவதை ஒயர் விழாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் திருகியிருந்தேன். கீழே குழம்பு ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள். பெட்டியை மூடினேன், இறங்கினேன், சாப்பிட்டேன், டிக் போட்டேன். அந்தத் திருகுக்கு இன்னும் ஒன்றரைச் சுற்று பாக்கி இருந்தது. யாரும் பார்க்கவில்லை.